நான் தலையாட்டவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே கழுத்துக்கு மேலேயும் நலம், கழுத்துக்குக் கீழேயும் நலம், நடுவில் நாலு விரல்கடை அகலத்துக்குத்தான் நலமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எல்லாப் பகுதியிலும் நலமாக இருக்கிறீர்களா என்று எழுது. போனில் சொல்லாதே, எழுது. போனில் பேசிப் பட்டது போதும் என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். கழுத்து வலிக்கு டாக்டர் மாட்டிவிட்ட காலரோடு குனிந்து எழுத முடியாது என்பதால் சாப்பாட்டு மேசையின் மேல் உன் பழைய வரைபலகையை நிறுத்தி, அதில் கிளிப் மாட்டி, சுவரில் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். விஷயம் கோணல் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். கடையைக் காலி செய்துவிட்டு நானும் உன் அம்மாவும் உன் ஊருக்கே வந்துவிடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. போன மாதம் வீடியோவில் நீ கேட்டபோது நான் தலையாட்டவில்லை. ஆட்டிவிட்டேன் என்று நீயாக எடுத்துக்கொண்டு இரண்டு டிக்கெட் போட்டாய், கடைக் கட்டிடத்தின் ஓனருக்குப் போன் செய்து மாதக் கடைசியில் கடை காலியாகிவிடும் என்றாய், உன் அத்தைக்குச் சொன்னாய், அவள் ஊருக்கே சொன்னாள். இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கடையில் மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இது எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

எல்லாவற்றுக்கும் மூலம் இந்தக் கழுத்து. மூன்று மாதமாகவே இடது பக்கம் திரும்ப முடியாமல் இருந்தது, யாராவது அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் பீரோவைத் திருப்புகிற மாதிரி மொத்தமாகத் திரும்ப வேண்டும். உன் அம்மா சொன்னாளே என்று எலும்பு டாக்டரிடம் போனேன். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு "வயசாச்சுல்லங்க ஐயா, தேய்மானம்" என்றார். வெளியே காத்திருக்கும் கூடத்தில் என்னோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களை அவர் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். என் வலது பக்கம் கால் சென்டரில் வேலை செய்கிற ஒரு பெண், இருபத்தைந்துக்கு மேல் இருக்காது, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தது. எதிரே ஒரு பஸ் டிரைவர், பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்ப முடியாமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அப்புறம் ஒரு வங்கிக் காசாளர், ஒரு தையல்காரர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அடுக்குமாடிக் காவலாளி ஒருவர். காவலாளிக்கு என்ன என்று கேட்டேன். கேமராப் படம் தெரிகிற டிவிப் பெட்டியை உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்களாம், பன்னிரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்க்கிறாராம். "திருடன் வந்தா மேல இருந்து வந்தாத்தாங்க பிடிப்பேன், கீழ பார்க்கவே முடியல" என்றார். அத்தனை பேரும் சிரித்தோம், சிரித்தவுடன் அத்தனை பேர் கையும் கழுத்துக்குப் போனது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் கேட்டேன், வயதுதான் காரணம் என்றால் வெளியே இருக்கிற அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன வயது என்று. "அவங்களுக்கு வேலைங்க ஐயா" என்றார். பேசப் பேச அவரே தன் பிடரியை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கும் தேய்மானமா என்றேன். "எனக்கு கம்ப்யூட்டர்ங்க." அப்படியானால் எல்லோருக்கும் வேலை, எனக்கு மட்டும் வயதா என்றேன். நான் என்ன சும்மா உட்கார்ந்தா தேய்ந்தேன், லென்ஸ் தேய்க்கிற கல்லின் மேல் இருபத்தொன்பது வருஷம் குனிந்தல்லவா தேய்ந்தேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து "நீங்க என்னங்க படிச்சிருக்கீங்க" என்றார். படித்தவர்களுக்கெல்லாம் நான்தான் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன், அது இல்லாமல் அவர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் காலரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு வாரம். குளிக்கிறபோது மட்டும் கழற்றலாம்.

நான் விடுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒரு நோட்டுப் போட்டு, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கண்ணைப் பற்றிக் கேட்டு முடித்ததும் கழுத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். ஒரு மாதத்தில் நூற்றுப் பதினாறு பேர். எழுபத்தொரு பேர் வலிக்கிறது என்றார்கள். மற்றவர்கள் இல்லை என்றார்கள், ஆனால் அதில் ஒன்பது பேருக்கு இல்லை என்று சொல்லும்போதே கை பின்னால் போய்த் தடவியது, அவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதினேன். ஒருவர் எனக்கில்லை, என் வீட்டுக்காரிக்குத்தான் என்றார், அவர்கள் வரவில்லையா என்று கேட்டதற்கு "அவளுக்கு ஏதுங்க நேரம்" என்றார், அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பிறகுதான் இந்த ஊரையே கவனித்துப் பார்த்தேன். யாருடைய தலையும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பஸ்ஸில் நிற்கிறவன் போனுக்குள் குனிந்திருக்கிறான், உட்கார்ந்திருக்கிறவன் தூங்கி விழுகிறான். கரண்டு பில் கட்டுகிற கவுண்டரில் கண்ணாடித் தடுப்பு வைத்து, பேசுகிற ஓட்டையை நெஞ்சுக்கு நேராக வெட்டியிருக்கிறார்கள், அத்தனை பேரும் குனிந்து அந்த ஓட்டைக்குள் பேசுகிறோம். ஓட்டையை ஒரு முழம் உயர்த்துங்கள் என்று மனு எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, சரிதான், மூன்றாம் நம்பர் கவுண்டரில் கொடுங்கள் என்றார். மூன்றாம் நம்பரும் ஓட்டைதான். குனிந்து கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், "நல்ல முயற்சிங்க" என்று சொல்லி அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தார்.

இதற்கு நடுவே, நான் காலருக்குள் இருந்த இரண்டாவது வாரத்தில்தான் நீ வீடியோவில் வந்தாய். போனை உன் அம்மா என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். "அப்பா, இந்தக் கழுத்தோட இனி கடை வேணாம்ப்பா, ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க, டிக்கெட் போடட்டுமா" என்று நீ கேட்டாய். நான் முடியாது என்றேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை, கடைசித் தடவை மேல்வீட்டில் கேட்கும்படி. நீயானால் "சத்தம் வரலைப்பா, பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டுங்க" என்றாய். காலர் போட்டவனைப் பார்த்துத் தலையை ஆட்டச் சொல்கிறாயே என்று இருந்தது. இருந்தாலும் இல்லை என்று காட்ட வேண்டுமே. கழுத்து திரும்பாது, ஆகவே இடுப்போடு சேர்த்து உடம்பையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். உன் அம்மா நான் திரும்புகிற பக்கமெல்லாம் போனையும் கூடவே திருப்பினாள். உன் பக்கம் பார்த்தால் என் மூஞ்சி அசையாமல் நடுவிலேயே இருந்திருக்கும். நாலு தடவை திரும்பியதில் மூச்சு வாங்கி, தாடை காலரின் விளிம்பில் ஒருமுறை இறங்கி ஏறியது. அதைத்தான் நீ பார்த்தாய். "அப்பா சரின்னுட்டாரு" என்று அழுதாய். மாப்பிள்ளை பின்னால் கை தட்டினார். நான் இவ்வளவு தெளிவாக மறுத்தும் இந்தப் பெண் அழுகிறதே, பாவம், ஏமாற்றம் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நீ நிம்மதியாகப் போனை வைத்தாய், நானும் நிம்மதியாக வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டிட ஓனர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். அந்த ஆள் வணக்கம்கூடச் சொல்லாமல் டேப்பை இழுத்துச் சுவரை அளந்தான். மொபைல் கவர் கடை போடப் போகிறானாம். ஊர்க் கழுத்தையெல்லாம் குனிய வைக்கிற சாமானுக்குச் சட்டை தைத்து விற்கிறவன் என் கடையை அளக்கிறான். "இந்த ஸ்டூலை விட்டுட்டுப் போவீங்களா சார்" என்று என்னைக் கேட்டான். நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். ஓனரைப் பார்த்து என்னய்யா இது என்றேன். "பொண்ணுதாங்க போன் பண்ணுச்சு, அப்பா தலையாட்டிட்டாருன்னு சொல்லுச்சே" என்றார். தலையாட்டக் கூடாதுன்னுதானய்யா இதை மாட்டிவிட்டிருக்கான் என்று காலரைத் தட்டிக் காட்டினேன். டேப் ஆள் சிரித்தான். அவனை டேப்போடு வெளியே அனுப்பினேன். ஓனரிடம், இந்த மாதக் கடைசி மட்டுமில்லை, எந்த மாதக் கடைசியும் இல்லை, காலி செய்கிறதாக இருந்தால் என் வாயால் வந்து சொல்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த விவகாரம் முடிந்தது. நீ அவருக்குத் திரும்பப் போன் செய்து எதையும் சரிக்கட்ட வேண்டாம்.

முடியாத விவகாரம் வீட்டில் இருந்தது. வந்த சூட்டோடு உன் அம்மாவிடம் கேட்டேன், நான் முடியாது என்று கத்தியது மகளுக்குத்தான் கேட்கவில்லை, ஒரு முழ தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்த உனக்குமா கேட்கவில்லை என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் படுக்கையறைப் பரணில் இருந்த பெரிய பெட்டி கீழே இறங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "கேட்டுச்சு" என்றாள். கேட்டும் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க தலையாட்டினதை அவ சம்மதம்னு எடுத்துக்கிட்டா. நான் தலையாட்டினதை நீங்க அப்படித்தானே எடுத்துக்கிட்டீங்க, அப்போ யாராவது வந்து உங்ககிட்ட சொன்னாங்களா" என்றாள். அன்றைக்குச் சத்தம் வராமல் போனது, போனில் சத்தத்தை நிறுத்துகிற பொத்தானில் அவள் கை தவறிப் பட்டதாலா, தவறாமல் பட்டதாலா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நான் எதைச் சொன்னபோது நீ இஷ்டமில்லாமல் தலையாட்டினாய், ஒன்று சொல் என்றேன். மூன்று சொன்னாள். பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கடைப் பில் மேசைக்கு வந்துவிடு என்று நான் சொன்னது. லிஃப்ட் இல்லாத இந்த நாலாம் மாடிக்கு, கடைக்குக் கிட்டே என்பதற்காக மாறியது. மூன்றாவதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குட்டி பிறந்தபோது, பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம், கடையில் கூட்டம், இப்போது போக வேண்டாம், மகளுக்கு மாமியார் இருக்கிறார் என்று நான் சொன்னேனே, அது. உன் அம்மா சரி என்று தலையை ஆட்டினாள், அம்மாவே வேண்டாம் என்றுவிட்டாள் என்று நான்தான் உனக்குச் சொன்னேன். நான் என் கண்ணால் பார்த்தேன், நீ தலையை இறக்கினாய் என்று இப்போது அவளிடம் வாதாடினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்தக் கண்ணாடியில நேரா பார்த்தா கோடு குறுக்க விழுந்து உங்க மூஞ்சி மங்கலா இருக்கும். தலையைக் குனிஞ்சு கோட்டுக்கு மேல பார்த்தாத்தான் தெரியும். நீங்க கோபமா சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் குனிஞ்சேன். பார்க்கிறதுக்குள்ள நீங்க சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிடுவீங்க."

இது என் தொழிலைக் குறை சொல்கிற பேச்சு. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க, நடுவில் கோடு என்று இருக்கிற அந்த பைஃபோகல் நானே அளந்து, நானே தேய்த்து, நானே மாட்டியது. கோடு சரியாகத்தான் இருக்கும், நீ உட்காருகிற முறைதான் கோணல் என்று சொல்லிவிட்டு, நிரூபித்துக் காட்ட மறுநாள் காலையில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரும் புதிருமாக இரண்டு ஸ்டூல் போட்டு, கண்ணுக்குக் கண் நேராக உட்கார்ந்து அளந்தேன். இருக்க வேண்டிய இடத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் மேலே இருக்கிறது கோடு. நம்பாமல் ஸ்கேலை மாற்றி அளந்தேன். மூன்றரை. யாருக்கு அளந்தாலும் அவர்கள் கண் உயரத்துக்கு நாமும் உட்கார வேண்டும், நின்றுகொண்டு அளந்தால் கோடு மேலே போய்விடும் என்பது நானாகக் கற்றுக்கொண்டு இருபத்தொன்பது வருஷமாகக் கடைப்பிடிக்கிற விதி. அவளுக்கு மட்டும் கடையில் அளக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பேனாவோடு போய் நின்று, இங்கே பார் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். அவள் போட்டிருந்த கண்ணாடியில் கோடு வர வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை பவர் மாற்றியும் அதே அளவைத்தான் நோட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "போட்ட மறுநாளே சொன்னேன். ஒரு வாரத்துல பழகிடும்னீங்க" என்றாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன். கழுத்து வலிக்குமே என்றேன். "வலிக்காம? நீங்க நோட்டுப் போட்டு ஊரையே கேட்டீங்க" என்றாள். கேட்டேன், நூற்றுப் பதினாறு பேரை. பில் மேசையில் நாலடி தூரத்தில் அவள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவர் பெயரையும் எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பதினேழாவது என்று எழுதப் போனேன், வேண்டாம் என்று நோட்டை மூடினாள்.

அன்றைக்கும் மறுநாளும் வேறு யாருடைய வேலையையும் எடுக்கவில்லை. புது லென்ஸ் தேய்த்து மாட்டினேன். காலர் போட்டுக்கொண்டு தேய்ப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கல்லை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தேன், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அவளை உட்காரவைத்துப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, தெரிகிறதா என்று கேட்டேன். தலையை இறக்காமல் நேராகப் பார்த்தாள். "தெரியுது. உங்களுக்கு ரொம்ப வயசாயிடுச்சு" என்றாள். டாக்டர் சொன்னபோது வந்த கோபம் ஏனோ வரவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி கேட்டேன், மகளிடம் போக உனக்கு இஷ்டமா என்று. "போகணும்." எத்தனை நாளைக்கு என்றேன். "தெரியாது." நான் வரவில்லை என்றால் என்றேன். "நீங்க வரலைன்னாலும்." தலை துளிகூட ஆடவில்லை. பதினொரு வருஷத்தில் அவளுடைய பதிலை நான் முதல் தடவையாகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்.

ஆகவே முடிவு இது. என் டிக்கெட்டை ரத்து செய். நான் வரமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் பொய், கோபம் இருக்கிறது, உன் மேலும் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதுக்காரனை, அவன் முகவாய் இறங்கி ஏறியதைப் பார்த்து, சாமான் மாதிரி வண்டியில் ஏற்ற ஏற்பாடு செய்வது என்ன நியாயம். கழுத்து வலி உள்ளவர்களெல்லாம் ஊரை விட்டுப் போவது என்றால் இந்த ஊரில் தெரு நாய்தான் மிஞ்சும். உன் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது, பேசுகிறபோதெல்லாம் நீ இடது கையால் பிடரியைப் பிசைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா. மடியில் வைத்து வேலை செய்கிற அந்தக் கம்ப்யூட்டரை மேசையில் ஏற்று, அடியில் நாலு தடிப் புத்தகம் வை, திரையின் மேல் விளிம்பு உன் கண்ணுக்கு நேராக வர வேண்டும். மாப்பிள்ளை போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்க்கிறார், அவருக்கும் சொல். குட்டிக்கு இப்போதே சொல்.

உன் அம்மாவின் டிக்கெட் அப்படியே இருக்கட்டும். பத்தொன்பதாம் தேதி நானே வந்து ஏற்றிவிடுகிறேன். அங்கே அவளை அடுப்படியில் நிறுத்திவிடாதே, மூன்று வேளையும் அவள் சமைக்கத்தான் வந்தாள் என்று ஆகிவிடக் கூடாது. பழைய கண்ணாடியை நான் வைத்துக்கொண்டேன், கேட்டால் உடைந்துவிட்டது என்று சொல். என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கீழ்வீட்டுத் தையல்காரம்மா நாலு நாளைக்குச் செய்து காட்டுகிறேன் என்றிருக்கிறார்கள், பிறகு நானே கற்றுக்கொள்வேன், மற்றதெல்லாம் யார் கற்றுக்கொடுத்து வந்தது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதே அப்பாவின் ஆசி. குட்டிக்கு என் முத்தம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அவளுக்குத் திரும்பி வருகிற டிக்கெட்டை நீயாகப் போடாதே. தேதியை நானும் சொல்லப் போவதில்லை. அவளாக வாய் திறந்து ஒரு தேதி சொன்னால் அன்றைக்கே எனக்குத் தெரியப்படுத்து. சொல்லாவிட்டால் ஏன் என்று அவளைக் கேட்காதே.

இப்படிக்கு,
வாயாலும் கையாலும் மட்டுமே பதில் சொல்கிற
உன் அப்பா